டிகிரியா, அப்ரண்டிஸா: கற்றுக்குட்டிக் காலத்தின் செலவு யார் தலையில்?

பள்ளி முடிந்ததும் மேலே படிப்பதா, இல்லை ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து தொழில் பழகுவதா என்ற கேள்விக்கு முக்கால்வாசி நேரம் மதிப்பெண்தான் பதில் சொல்லிவிடுகிறது. நிறைய மார்க் வாங்கியவர் கல்லூரிக்கு, குறைவாக வாங்கியவர் பட்டறைக்கு. இங்கே யாரும் எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை, தரம் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நன்றாகப் படிக்கிற, ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்து பாடம் கேட்கச் சொன்னால் உயிர் போகிற பிள்ளை வகுப்பறையிலும், மார்க் வாங்காவிட்டாலும் ஒரு விஷயத்தின் அடிவேர் வரை போகாமல் விடாத பிள்ளை ஒரே மெஷின் முன்னாலும் போய் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. எந்தத் தொழிலாக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று வருடம் நாம் கற்றுக்குட்டிகள். பொருளைக் கெடுப்போம், நேரத்தை வீணடிப்போம், தொழில் தெரிந்த ஒருவர் தன் வேலையைப் போட்டுவிட்டு நம் பக்கத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கும். இந்த நஷ்டத்தை யாராவது ஒருவர் ஏற்றுத்தான் ஆக வேண்டும். கல்லூரி என்றால் மாணவரும் வீட்டாரும் ஏற்கிறார்கள், அரசு நடத்துகிற கல்லூரியானால் வரி கட்டுகிறவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அப்ரண்டிஸ் முறையில் அதைக் கம்பெனி ஏற்கிறது, பதிலுக்கு நம் சம்பளத்தைக் குறைத்து வைக்கிறது. பணம் போடுகிறவர் பேச்சுதானே எடுபடும்? என்ன கற்றுக்கொள்கிறோம், எவ்வளவு காலம், முடிந்த பிறகு எங்கே போகலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் அதிலிருந்துதான் தீர்மானமாகிறது.

பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1960-களில் இதைத் தெளிவாகச் சொன்னார். எங்கே போனாலும் செல்லுபடியாகிற திறமையைக் கற்றுக்கொடுக்கக் கம்பெனிக்கு ஆசை இருக்காது, ஏனென்றால் கற்றுக்கொடுத்து முடித்ததும் போட்டிக் கம்பெனிக்காரர் கூடுதல் சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். தன் இடத்தில் மட்டும் பயன்படுகிற திறமை என்றால் தாராளமாகக் கற்றுக்கொடுக்கும். அதாவது அப்ரண்டிஸ் பக்கம் இருக்கிற பெரிய ஆபத்து சம்பளக் குறைவு இல்லை. மூன்று வருடம் பழகிவிட்டு வெளியே வந்தால், அந்த ஒரு கம்பெனியின் அந்த ஒரு மெஷினை ஓட்ட மட்டும் தெரிந்த ஆளாக நிற்பதுதான் ஆபத்து.

இது இன்று நேற்று வந்த பிரச்சினையும் இல்லை. இங்கிலாந்தில் 1563-ல் வந்த சட்டம் பல தொழில்களுக்கு ஏழு வருட அப்ரண்டிஸ் காலத்தைக் கட்டாயமாக்கியது. இத்தனை வருடம் எதற்கு, கடிகாரம் செய்கிற நுணுக்கத்தைக்கூடச் சில வாரங்களில் விளக்கிவிடலாமே என்று பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-ல் கேட்டார். முதலாளிக்கு மலிவாக ஆள் கிடைக்கிற ஏற்பாடு என்பது அவருடைய எரிச்சல். அந்தப் பிரிவுகள் 1814-ல்தான் நீக்கப்பட்டன. சில வாரம் என்பது கொஞ்சம் அதிகப்படியான பேச்சுதான், விளக்கம் சீக்கிரம் புரிந்துவிடும், கை பழகத்தான் நாளாகும் என்பது தொழில் செய்கிற யாருக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் உதவும்: உனக்குக் கொடுக்கிற காலம் முழுக்கக் கற்றுக்கொள்வதற்கா, அல்லது கற்று முடித்த பிறகும் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவதற்கா?

ஜெர்மனி இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தது என்று பார்த்தால் நல்ல அப்ரண்டிஸ் இடத்தை அடையாளம் காணும் வழி கிடைத்துவிடும். அங்கே 1969-ல் தொழிற்பயிற்சிக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் 300-க்கு மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கட்டத்தில் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாட்கள் கம்பெனி, பெரும்பாலான தொழில்களுக்கு மொத்தம் மூன்று முதல் மூன்றரை வருடம். எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசித் தேர்வு, அதை நடத்துவது வேலை கொடுத்தவர் இல்லை, அந்தப் பகுதியின் தொழில் வர்த்தக சபையோ கைவினைத் தொழில் சபையோ. முதலாளி தனக்கு வேண்டியதை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தால் அவருடைய அப்ரண்டிஸ் அங்கே போய்த் திணறுவார், விஷயம் வெளியே தெரிந்துவிடும்.

ஆகவே ஓர் இடத்தில் சேருகிறீர்கள் என்றால் முதல் கேள்வி, "கடைசியில் என்னைச் சோதிக்கப் போவது யார்?" வெளியாள் சோதிக்கிறார், அந்தச் சான்றிதழை மற்ற கம்பெனிகளும் மதிக்கின்றன என்றால் பாதிக் கவலை விட்டது. கம்பெனி தானே சான்றிதழ் அடித்துக் கொடுக்கிறது என்றால் எச்சரிக்கையாக இருங்கள். அடுத்தது, எத்தனை பிரிவுகளில் மாற்றி மாற்றிப் போடுவார்கள்? ஃபிட்டர் பழகப் போனவரை ஒரு வருடம் முழுக்க பேக்கிங்கில் நிறுத்தினால் அது பயிற்சி ஆகாது, எடுபிடி வேலைதான். யாருக்குக் கீழே வேலை, அவர் கையில் எத்தனை அப்ரண்டிஸ் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஓர் அனுபவசாலிக்கு இருபது பேர் என்றால் அவர் மேய்ப்பாரே தவிரக் கற்றுக்கொடுக்க மாட்டார். போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் விடாதீர்கள். எல்லாரும் அங்கேயே இருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி மாதிரித் தெரியும், வேறு யாருமே அவர்களை எடுத்துக்கொள்ளவில்லை என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பது சலிப்பான வேலை, ஆனால் படியுங்கள். இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கணக்கில் பழகுநர் என்பவர் பயிற்சி பெறுகிறவர்தான், தொழிலாளி இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயம் என்று நினைத்துச் சேருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். "முடிச்சதும் பர்மனெண்ட் ஆக்கிடுவோம்" என்று வாயால் சொல்வதும் எழுத்தில் இருப்பதும் வேறு வேறு.

சரி, கல்லூரிப் பக்கம் வருவோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அப்ரண்டிஸ் முறையைப் புகழ்கிறவர்கள் வழக்கமாக விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயை இழுத்துவருவார்கள். கொல்லர் மகன், 14 வயதில் 1805-ல் லண்டனில் ஒரு புத்தக பைண்டிங் கடையில் ஏழு வருட அப்ரண்டிஸாகச் சேர்ந்தார், பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார், 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவிக்கு உதவியாளரானார், 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். கல்லூரி வாசலையே மிதிக்காதவர். எல்லாம் உண்மை. மீதிக் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. ஃபாரடேவுக்கு உயர்கணிதம் தெரியாது. அவர் மனக்கண்ணில் பார்த்த விசைக்கோடுகளைச் சமன்பாடுகளாக மாற்ற எடின்பரோவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த இயற்பியலாளர் மேக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது. நீங்கள் கணிதத்தில் எழுதுவதை எங்களைப் போன்றவர்களுக்குப் புரிகிற சாதாரண மொழியிலும் எழுதக்கூடாதா என்று 1857-ல் ஃபாரடே மேக்ஸ்வெல்லிடம் கடிதத்தில் கேட்டார். அத்தனை பெரிய மனிதருக்கே ஒரு கதவு சாத்தியிருந்தது. (மேதைகளை வைத்து முடிவெடுக்கச் சொல்லவில்லை, நாம் யாரும் ஃபாரடே இல்லை.)

சில விஷயங்களைத் தனியாக உட்கார்ந்து, நேரம் ஒதுக்கி, வரிசையாகக் கற்றால்தான் உண்டு. கணிதம், இயற்பியல், புள்ளியியல், வேதியியலின் அடிப்படைகள், பெரிய கட்டுமானங்களைக் கணக்கிடுவது, மருந்து உடலில் என்ன செய்கிறது என்பது. இதெல்லாம் வேலை பார்த்துக்கொண்டே போகிற போக்கில் கைக்கு வராது, ஏனென்றால் அன்றாட வேலைக்கு அது தேவைப்படாது. பத்து வருடம் கழித்து வேலையே மாறும்போதுதான் தேவைப்படும், அப்போது உட்கார்ந்து கற்க யாரும் சம்பளத்தோடு நேரம் தர மாட்டார்கள். நம் செலவில் படிப்பதால் கிடைக்கிற சுதந்திரம் இதுதான், இன்றைக்கு எந்த முதலாளிக்கும் பயன்படாத ஒன்றையும் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குக் காவல் கிடையாது. கம்பெனிக்கு நீங்கள் தொழில் கற்றால்தான் போட்ட பணம் திரும்பும். கல்லூரிக்குக் கட்டணம் முன்கூட்டியே வந்துவிடுகிறது, நீங்கள் கற்றீர்களா இல்லையா என்பது அதன் கணக்கில் நேரடியாக வராது. ஆய்வகத்தில் கருவி இருக்கிறதா, அதை மாணவர் தொட விடுகிறார்களா, பாடம் நடத்துகிறவர் அந்தத் துறையில் கடைசியாக எப்போது வேலை பார்த்தார் என்று யாரும் கேட்காமலே நான்கு வருடம் ஓடிப்போகும். பட்டம் வாங்கிவிட்டு, அப்புறம் தனியாகப் பணம் கட்டி ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்துதான் வேலைக்குத் தேவையானதைக் கற்கிறார்கள் என்றால் அந்தக் கற்றுக்குட்டிக் காலத்துக்கு இரண்டு முறை பணம் கட்டியிருக்கிறார்கள்.

கவனித்துப் பார்த்தால், பல்கலைக்கழகம் உண்மையிலேயே நன்றாகச் செய்கிற படிப்புகளுக்குள்ளேயே ஓர் அப்ரண்டிஸ் காலம் ஒளிந்திருக்கிறது. மருத்துவம் படிக்கிறவரை ஹவுஸ் சர்ஜன் காலம் முடியாமல் யாரும் டாக்டராக விடுவதில்லை. பிஎச்டி என்பதே ஓர் ஆராய்ச்சியாளருக்குக் கீழே வருடக்கணக்கில் தொழில் பழகுவதுதான். இந்தியாவில் சிஏ (பட்டயக் கணக்காளர்) ஆக நினைப்பவர் பட்டமே இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நேராக அந்த வழியில் நுழையலாம், ஆனால் ஆர்ட்டிக்கிள்ஷிப், அதாவது ஒரு சிஏவுக்குக் கீழே தொழில் பழகுவது, செய்யாமல் வெளியே வர முடியாது (மூன்று வருடமாக இருந்ததை 2023-ல் இரண்டாகக் குறைத்தார்கள்). இங்கிலாந்தில் ஆறு வருட அப்ரண்டிஸ்ஷிப் வழியாகவே வழக்கறிஞர் ஆகலாம், அமெரிக்காவில் கலிஃபோர்னியா, வெர்ஜீனியா போன்ற சில மாநிலங்களில் சட்டக் கல்லூரிக்குப் போகாமல் ஒரு வழக்கறிஞரிடம் பழகியே தேர்வு எழுதலாம். அப்ரண்டிஸ் என்றால் கிரீஸ் படிந்த கை என்று மட்டும் கற்பனை செய்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பணக் கணக்கு. இதில் இரண்டு பக்கமும் பொய் சொல்கிறார்கள். கல்லூரிப் பக்கம் பட்டதாரிகளின் சராசரிச் சம்பளத்தைக் காட்டும், அந்தச் சராசரியில் மருத்துவரும் இருக்கிறார், பட்டம் வாங்கிவிட்டு வேறெதையோ செய்கிறவரும் இருக்கிறார். அப்ரண்டிஸ் பக்கம் கடன் இல்லாத இருபது வயது இளைஞரைக் காட்டும், அவர் நாற்பத்தைந்தில் என்ன சம்பாதிக்கிறார் என்று காட்டாது. நீங்களே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இவ்வளவுதான்: படிக்கிற வருடங்களுக்கான கட்டணம், அதற்கு வாங்கும் கடனின் வட்டி, அந்த வருடங்களில் சம்பாதிக்காமல் விட்ட பணம் (இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள், பல நேரம் கட்டணத்தைவிட இது பெரிதாக இருக்கும்), இவற்றைக் கூட்டி ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம், நீங்கள் சேரப்போகிற குறிப்பிட்ட கல்லூரியின் குறிப்பிட்ட படிப்பை முடித்தவர்கள் ஐந்து வருடம் கழித்து வாங்குகிற சம்பளத்துக்கும், நீங்கள் பழகப்போகிற தொழிலில் அதே வயதில் இருப்பவர் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம். பொதுச் சராசரியைத் தூக்கிப் போடுங்கள்.

வயது ஏற ஏற என்ன ஆகிறது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. எரிக் ஹனுஷெக்கும் வேறு சில பொருளாதார அறிஞர்களும் 11 நாடுகளின் தரவை வைத்து 2017-ல் வெளியிட்டது. தொழிற்கல்வி முடித்தவர்களுக்குத் தொடக்கத்தில் வேலை கிடைப்பது சுலபம், ஆனால் வயதான பிறகு, தொழில்நுட்பம் மாறும்போது, பொதுக்கல்வி பெற்றவர்கள் வேலையில் நீடிப்பது அதிகம் என்பது அவர்கள் கண்டது. டென்மார்க், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மாதிரி அப்ரண்டிஸ் முறை வலுவாக இருக்கிற நாடுகளில்தான் இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது என்பது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சி. இதைப் படித்துவிட்டு அப்ரண்டிஸே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். பழகி முடித்த பிறகு படிப்புக்குத் திரும்புகிற வழி இருக்கிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அந்த வழி சில இடங்களில் நன்றாகவே இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் கட்டாயப் பள்ளி முடிக்கிற பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். பயிற்சியோடு சேர்த்தோ முடித்த பிறகோ கூடுதல் தேர்வு எழுதினால் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேரலாம். யூபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகி செர்ஜியோ எர்மோட்டி லுகானோவில் ஒரு வங்கியில் அப்ரண்டிஸாகத் தொடங்கியவர். ஜெர்மனியில் தொழில் பழகியவர் மேலே போய் வாங்கும் 'மைஸ்டர்' (தொழில் வல்லுநர்) தகுதியைத் தேசியத் தகுதி அடுக்கில் இளநிலைப் பட்டத்துக்குச் சமமான 6-ஆம் படியில் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் ஐடிஐ முடித்தவர் டிப்ளமாவில் நேராக இரண்டாம் வருடம், டிப்ளமா முடித்தவர் பொறியியலில் நேராக இரண்டாம் வருடம் சேர வழி உண்டு. சுற்றிப் போகிற பாதைதான், ஆனால் பாதை இருக்கிறது.

இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பவர்களுக்கு இங்கிலாந்தில் 2015 முதல் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் வந்திருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம், கல்விக் கட்டணம் மாணவர் தலையில் விழாது. கேட்க இனிப்பாக இருக்கும், நல்ல கம்பெனிகளில் அந்த இடத்துக்கு நடக்கிற போட்டி பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் இடம் வாங்குவதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. வேலையும் படிப்பும் சேர்ந்து வருடக்கணக்கில் வார இறுதியைத் தின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவுக்கு அந்தத் துறையில் இளநிலைப் பட்டமோ அதற்குச் சமமானதோ வேண்டும். ஜெர்மனி 2020 மார்ச்சில் கொண்டுவந்த குடியேற்றச் சட்டம், அங்கீகாரம் பெற்ற தொழிற்பயிற்சி உள்ளவர்களுக்கும் வழியைத் திறந்துவிட்டது, ஆனால் நம் பயிற்சி அங்கே அங்கீகரிக்கப்பட வேண்டுமே! மறுபடியும் அதே கேள்விதான், சான்றிதழை வழங்கியது யார்.

அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் நடுவில் விட்டுவிடுவேனோ என்ற பயம் பலருக்கு. ஜெர்மனியில் அப்ரண்டிஸ் ஒப்பந்தங்களில் கால் பங்குக்கு மேல் காலம் முடியும் முன்பே முறிகின்றன. அங்கே இளநிலைப் பட்டப்படிப்பிலும் நான்கில் ஒருவருக்கு மேல் பாதியில் விடுகிறார்கள். முறிந்தவர்களில் பலர் வேறு கம்பெனியில் ஒப்பந்தம் போட்டுத் தொடர்வதால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது, ஆனாலும் ஒரு பாதை பத்திரம், இன்னொன்று ஆபத்து என்ற பேச்சு இதில் நிற்கவில்லை.

உடம்பையும் யோசியுங்கள், இதை யாரும் பேசமாட்டார்கள். வெல்டிங், டைல்ஸ் ஒட்டுவது, பிளம்பிங் மாதிரி வேலைகளில் ஐம்பது வயதில் முட்டியும் முதுகும் கேள்வி கேட்கும். அதே தொழிலில் மேற்பார்வைக்கோ, மதிப்பீடு போடுவதற்கோ, சொந்தத் தொழிலுக்கோ நகர முடிகிறதா என்று பாருங்கள். சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் ஒரு கவலை, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர்கள் யாரும் கடனில் பங்கு கேட்டு வரப்போவதில்லை.

என் சாய்வு எந்தப் பக்கம் என்றால்: சட்டமே பட்டம் கேட்கிற தொழில் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, படியுங்கள். கணிதமும் அறிவியலும் ஆழமாகத் தேவைப்படுகிற துறை, கல்லூரியும் உருப்படியானது, கடன் தாங்கக்கூடியது என்றாலும் படியுங்கள். என்ன படிப்பது என்றே தெரியவில்லை, ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு பட்டம், அதற்குப் பெரிய கடன் என்றால், வெளியாள் தேர்வு வைக்கிற ஓர் அப்ரண்டிஸ் இடம் அதைவிட நல்லது என்பது என் கருத்து. தேர்வும் இல்லை, பிரிவு மாற்றமும் இல்லை, குறைந்த சம்பளத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே எடுக்கிறார்கள் என்றால் அந்த இடத்தைவிடச் சாதாரணக் கல்லூரியே மேல்.

இரண்டு இடமும் ஒரே நேரத்தில் கையில் வந்துவிட்டால் எதைத் தள்ளிப்போட முடியும் என்று விசாரியுங்கள். சில நாடுகளில் பல்கலைக்கழக இடத்தை ஒரு வருடம் நிறுத்திவைக்கக் கேட்கலாம். கம்பெனி பெரும்பாலும் காத்திருக்காது, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடும். நிறுத்திவைக்க முடிந்தால் அந்த ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்து பாருங்கள், ஆனால் ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் பணம் ஏதும் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று கையெழுத்துக்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.